சோறு வடிப்பதைப் பாடத்தில் சேர்த்த நாடு

ஜப்பானில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனையியல் என்று ஒரு பாடம் உண்டு. 1947-லிருந்து ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். என்ன சமைக்கக் கற்றுத்தருவது என்பதைப் பெரும்பாலும் பள்ளிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்ட கல்வி அமைச்சகம், இரண்டு பதார்த்தங்களை மட்டும் பெயர் சொல்லிப் பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஒன்று சோறு. இன்னொன்று மிசோ சூப், அதாவது சோயாவைப் புளிக்கவைத்த விழுதைக் கரைத்துச் செய்யும் சாறு. இரண்டுக்கும் சேர்த்து 'மரபான அன்றாட உணவு' என்ற அடைமொழியும் உண்டு.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. சோறு தின்கிற நாட்டில் சோறு ஆக்குவதை அரசாங்கம் உத்தரவு போட்டுச் சொல்லித்தரணுமா? அன்றாடம் சாப்பிடுவது என்றால் வீட்டிலேயே கற்றுக்கொள்ள மாட்டார்களா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ஒரு நூற்றாண்டுக் கதை வருகிறது. அதில் கதாநாயகன், வில்லன் இரண்டு வேஷத்தையும் கட்டுவது ஒரே ஆள்: பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுத் தட்டு.

தட்டின் கதை 1889-ல் தொடங்குகிறது. வடக்கே யாமகதா மாகாணத்தில் த்சுருஒகா என்ற ஊர். அங்கே தைதொகுஜி என்ற புத்தக் கோவிலின் வளாகத்தில் துறவிகள் ஒரு பள்ளி நடத்தினார்கள். மதியச் சாப்பாடு கொண்டுவர வழியில்லாத பிள்ளைகள் பலர். துறவிகள் வீடு வீடாகப் பிச்சைக்குப் போய், கிடைத்த அரிசியிலும் காசிலும் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். சோற்று உருண்டை, உப்பிட்டுச் சுட்ட மீன், கொஞ்சம் ஊறுகாய்க் கீரை. பள்ளி உணவின் வரலாற்றை எழுதுகிற எல்லா ஜப்பானியரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இதில் பண்பாட்டுப் பாடம் எதுவும் கிடையாது. பசித்த பிள்ளைக்குச் சோறு, அவ்வளவுதான்.

உணவு ஒரு கல்வி என்ற பேச்சு அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வேறு திசையிலிருந்து வந்தது. இஷிஸுகா சாகென் என்று ஒரு ராணுவ மருத்துவர் இருந்தார். மேற்கத்திய உணவுமுறையைக் கண்மூடி ஏற்பதை எதிர்த்தவர். 1890-களின் கடைசியில் வந்த தன் நூல்களில் 'ஷொகுயிகு' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஷொகு என்றால் உணவு, இகு என்றால் வளர்ப்பு. உடற்கல்வி, அறிவுக்கல்வி எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது உணவுக்கல்விதான், அதைச் செய்யவேண்டியது வீடு என்பது அவர் கட்சி. 1903-ல் முராய் கென்சாய் என்ற எழுத்தாளர் செய்தித்தாளில் எழுதிய 'குயிதோராகு' என்ற தொடர்கதை அந்தச் சொல்லைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. கதை நெடுகச் சமையல் குறிப்புகள்! புத்தகமாக வந்து அமோகமாக விற்றது. ஆனாலும் சொல் நிலைக்கவில்லை. நூறு ஆண்டுகள் அகராதியில் தூங்கியது. அது திரும்பி வரும் இடத்தைக் கீழே பார்ப்போம்.

இனி 1946-க்கு வருவோம். தோற்றுப்போன நாடு, எரிந்துபோன நகரங்கள், பங்கீட்டு அரிசியும் ஒழுங்காக வராத நிலை. அமெரிக்கத் தொண்டு அமைப்புகள் சேர்ந்து லாரா என்ற பெயரில் நிவாரணப் பொருள்களை அனுப்பின. டிசம்பர் 24 அன்று தோக்கியோவின் நகதாச்சோ பள்ளியில் அவற்றை ஒப்படைக்கும் விழா நடந்தது. அடுத்த மாதமே நகரங்களில் சுமார் 30 லட்சம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தொடங்கியது. (இன்றும் ஜனவரி 24 முதல் 30 வரை பள்ளி உணவு வாரம் கொண்டாடுகிறார்கள். டிசம்பர் 24 குளிர்கால விடுமுறையோடு மோதுவதால் ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டார்கள்.) 1949-ல் யுனிசெஃப் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கொடுத்தது. 1950-ல் அமெரிக்கக் கோதுமை மாவு வந்தது. எட்டுப் பெருநகரங்களில் ரொட்டி, பால், குழம்பு மூன்றும் சேர்ந்த முழுச் சாப்பாடு ஆரம்பமானது.

அந்தப் பால்பவுடரைக் கரைத்துக் குடித்த தலைமுறையிடம் கேட்டால் இன்றைக்கும் மூக்கைச் சுளிப்பார்கள். ஆனால் பசியைத் தீர்த்தது அதுதான். இதைச் சொல்லாமல் மேலே போனால் நியாயமில்லை. அடுத்து வருவதை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் 'அமெரிக்கச் சதி' என்று எழுதும் புத்தகங்கள் ஜப்பானிய மொழியில் நிறைய உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.

அடுத்து வந்தது என்ன? 1951-ல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆக்கிரமிப்புக் காலத்து உதவிப்பணம் நின்றது. பள்ளிச் சாப்பாடும் நின்றுவிடும் நிலை. பெற்றோரும் ஆசிரியர்களும் நாடு முழுக்கக் குரல் எழுப்ப, 1954-ல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறியது. உபரி தானியத்தை வெளிநாடுகளுக்கு அந்தந்த நாட்டு நாணயத்திலேயே விற்க வழிசெய்த பி.எல். 480. நம்ம ஊரில் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகவே தெரியும், ரேஷன் கடைக் கோதுமை வந்த வழி அது. ஜப்பானுக்கும் அதே வழியில் கோதுமை போனது, அதில் ஒரு பங்கு பள்ளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆக, ஒரு கப்பலில் பசி தீர்க்கும் மாவும் வந்தது, நாளைய வாடிக்கையாளரைத் தயார்செய்யும் மாவும் வந்தது. இரண்டும் ஒரே மாவு.

பிள்ளைகளைப் பள்ளி பார்த்துக்கொண்டது. தாய்மார்களுக்கு 1956-ல் 'கிச்சன் கார்' வந்தது. பேருந்துக்குள் அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் வைத்து, ஊர் ஊராகப் போய்ச் சத்துணவு சமைத்துக்காட்டும் வண்டி. நடத்தியது ஜப்பானியச் சத்துணவு அமைப்பு, செலவு ஓரிகன் மாநிலக் கோதுமை விவசாயிகள் சங்கத்துடையது. கோதுமையும் சோயாவும் செய்முறையில் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது நிபந்தனை.

இந்தக் காலத்தின் உச்சக்கட்ட வேடிக்கை 1958-ல் நடந்தது. கேயோ பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ஹயாஷி தகாஷி, மூளையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சோறு சாப்பிட்டால் பிள்ளைகளின் மூளை மந்தமாகும், ரொட்டி கொடுங்கள் என்பது அதில் ஒரு வாதம். பெரிய ஆதாரம் எதுவும் இல்லை, ஆனால் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. இதே ஹயாஷி, கிகி தகதாரோ என்ற புனைபெயரில் துப்பறியும் கதைகள் எழுதி நஓகி இலக்கியப் பரிசு வாங்கியவர். கதைகளோடு நிறுத்தியிருக்கலாம்.

இப்படியாக 1950-களிலும் 60-களிலும் பள்ளிக்குப் போன பிள்ளைகள் தட்டில் கண்டது 'கொப்பேபான்' என்ற நீள ரொட்டி, பால், பொரித்த திமிங்கிலக் கறி. கையில் கொடுத்தது கரண்டியின் நுனியை முள்ளாகப் பிளந்த ஒரு கருவி. எல்லாவற்றையும் அது ஒன்றாலேயே சாப்பிடலாம், கழுவுவதும் சுலபம். சில ஆண்டுகளில் பெரியவர்கள் கவலைப்பட ஆரம்பித்தார்கள்: பிள்ளைகள் தட்டின்மேல் குனிந்து வாயைக் கொண்டுபோகிறார்கள், குச்சி பிடிக்கத் தெரியவில்லை என்று. 'நாய்ச் சாப்பாடு' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். யாரும் பிள்ளைகளிடம் போய் "குச்சியை விட்டுவிடு" என்று உபதேசம் செய்யவில்லை. கையில் கரண்டியைக் கொடுத்தார்கள், போதுமாக இருந்தது.

சரி, சோறு எப்போது பள்ளிக்குத் திரும்பியது? 1976-ல். பண்பாட்டைக் காக்கத்தான் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஜப்பானில் ஒருவர் ஆண்டுக்குச் சாப்பிடும் அரிசி 1962-ல் 118 கிலோவாக உச்சத்தைத் தொட்டு, அதன்பின் இறங்கிக்கொண்டே வந்தது. இன்று அதில் பாதிகூட இல்லை. அறுபதுகளின் கடைசியில் அரசாங்கக் கிடங்குகளில் விற்காத அரிசி மலைபோல் குவிந்தது. 1970 முதல் நெல் பயிரிடும் பரப்பைக் குறைக்கச் சொல்லி விவசாயிகளுக்குப் பணமே கொடுத்தார்கள். குவிந்த அரிசிக்கு ஒரு வாய் வேண்டும். மறுபடியும் பள்ளிப் பிள்ளைகள்! அமெரிக்க உபரிக்கு வாய் கொடுத்த அதே தட்டு இப்போது உள்ளூர் உபரிக்கு வாய் கொடுத்தது. சோறு வந்ததும் பின்னாலேயே குச்சியும் வந்தது.

பால் மட்டும் போகவில்லை. சட்டப்படி பால் முழுச் சாப்பாட்டின் ஒரு பகுதி. சோறு, மீன், மிசோ சூப், பக்கத்தில் ஒரு டப்பா குளிர்ந்த பால். இன்றும் ஜப்பானியப் பள்ளித் தட்டு இப்படித்தான் இருக்கிறது. நிகதா மாகாணத்தில் சான்ஜோ என்ற நகரம் சோற்றோடு பால் பொருந்தாது என்று 2014 டிசம்பர் முதல் நான்கு மாதம் பாலை நிறுத்திப் பார்த்தது. பெரிய விவாதமாகிவிட்டது. கால்சியத்துக்கு எங்கே போவது என்று ஒரு கட்சி, நாக்குக்கு மரியாதை இல்லையா என்று இன்னொரு கட்சி. கடைசியில் பாலைச் சாப்பாட்டிலிருந்து பிரித்து வேறு நேரத்தில் கொடுப்பது என்று சமரசம் ஆனார்கள்.

இஷிஸுகாவின் தூங்கிக்கொண்டிருந்த சொல்லை எழுப்பியது 2005. அந்த ஆண்டு ஷொகுயிகு அடிப்படைச் சட்டம் வந்தது. உணவைப் பற்றிக் கற்பிக்கவென்று தனிச்சட்டம். அதற்கு முன் நான்கைந்து ஆண்டுகளில் மாட்டுப் பித்தநோய் பயம், இறைச்சியில் பொய் முத்திரை என்று வரிசையாக அதிர்ச்சிகள். கலோரிக் கணக்கில் 1965-ல் 73 சதவீதமாக இருந்த உணவுத் தன்னிறைவு 40-க்கு வந்திருந்தது. அதே 2005-ல் பள்ளிகளில் சத்துணவு ஆசிரியர் என்ற பதவி உருவானது. 2008-ல் பள்ளி உணவுச் சட்டத்தைத் திருத்தி, அதன் குறிக்கோள்களை நான்கிலிருந்து ஏழாக்கினார்கள். புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று, மரபான உணவுப் பண்பாட்டைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது. ரொட்டியைப் பழக்கிய அதே தட்டுக்கு இப்போது மரபைச் சொல்லித்தரும் வேலை. 2013-ல் 'வஷொகு' என்கிற ஜப்பானிய உணவுமரபு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் இந்த வேலைக்கு இன்னும் வேகம் பிடித்தது.

இங்கே ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேள்வியை எழுப்புகிறார்கள். எந்த மரபு? வஷொகு என்ற சொல்லே மெய்ஜி காலத்தில் மேற்கத்திய உணவு வந்தபிறகு, அதற்கு எதிர்ச்சொல்லாகப் பிறந்தது. வெளியார் வந்தபிறகுதானே 'நம்ம சாப்பாடு' என்று தனிப்பெயர் தேவைப்படும். ஒரு சூப், மூன்று பதார்த்தம், வெள்ளைச் சோறு என்று பாடப்புத்தகப் படத்தில் வருகிற அந்தத் தட்டு, போருக்கு முந்தைய கிராமத்து ஏழைகளின் அன்றாடத் தட்டு அல்ல. அவர்கள் பார்லியும் தினையும் கலந்தே சோறாக்கினார்கள். லெய்டன் பல்கலைக்கழகத்தின் கதர்ஜினா ச்விர்த்கா இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நவீன ஜப்பானிய உணவை உருவாக்கியதில் ராணுவத்துக்கும் அரசுக்கும் இருந்த பங்கை அவர் புத்தகத்தில் படித்தால் 'மரபு' என்ற சொல்லைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் தொடுவோம்.

யுனெஸ்கோ பட்டியல் புத்தாண்டு உணவைத் தனியாகக் குறிப்பிடுகிறது. அந்தப் புத்தாண்டின் ஸோனி சூப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியை அவித்து இடித்த மோச்சிக் கட்டி போட்ட சாறு. கிழக்கே மோச்சி சதுரம், சுட்டுப் போடுவார்கள். மேற்கே உருண்டை. கியோத்தோவில் வெள்ளை மிசோ. ககவா மாகாணத்தில் மோச்சிக்குள் இனிப்புப் பயறுப் பூரணம் வைத்து அதை வெள்ளை மிசோவில் மிதக்கவிடுகிறார்கள். மற்ற ஊர்க்காரர்களிடம் சொன்னால் முகம் போகும் போக்கைப் பார்க்கணும்! ஆக, தேசிய மரபு என்று ஒன்றைச் சொல்லித்தரப் போகிற ஆசிரியருக்கு வகுப்பிலேயே நாலு விதமான ஸோனி இருக்கும்.

ஆனால் ச்விர்த்கா போன்றவர்களின் விமர்சனத்தை ஏற்றுக்கொண்டு, 'எல்லாம் கற்பித்த மரபு' என்று கைகழுவிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. காரணம், வகுப்பறையில் உண்மையில் நடப்பது. மிசோ சூப் பாடத்தைப் பாருங்கள். முதல் வேலை 'தாஷி', அதாவது அடிச்சாறு எடுப்பது. பள்ளிகளில் பெரும்பாலும் நிபோஷியில் எடுப்பார்கள். நிபோஷி வேறொன்றுமில்லை, அவித்துக் காயவைத்த நெத்திலி வகை மீன். பிள்ளைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, கறுப்பாக இருக்கும் குடலை எடுத்துவிட்டு, தண்ணீரில் ஊறப்போட வேண்டும். குடலை எடுக்காவிட்டால் கசக்கும். நெத்திலிக் கருவாடு ஆய்ந்த கை எதுவானாலும் இந்த வேலையை அடையாளம் கண்டுகொள்ளும். அப்புறம் காய்கள், எது வேகத் தாமதமோ அது முதலில். கடைசியில் மிசோ. மிசோ போட்டபின் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும்.

சில பள்ளிகளில் சமையல் கலைஞர்களே வந்து சுவைப்பாடம் நடத்துகிறார்கள். கொன்பு என்ற கடற்பாசிச் சாறு ஒரு கிண்ணம். கட்சுவோபுஷி சாறு ஒரு கிண்ணம். (இது நம் தென்கடற்கரையிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று சொல்கிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.) தனித்தனியாகக் குடித்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. இரண்டையும் கலந்து மூன்றாவது கிண்ணம் கொடுத்தால் கண் விரியும். காரணம் வேதியியல். கொன்புவில் உள்ள குளுட்டமேட்டை இகெதா கிகுனாஎ 1908-ல் பிரித்தெடுத்து அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். மீனில் உள்ள இனோசினேட்டை அவர் மாணவர் கொதாமா ஷின்தாரோ 1913-ல் கண்டார். இரண்டும் சேர்ந்தால் சுவை கூடுவதில்லை, பெருகுகிறது. இகெதாவின் கண்டுபிடிப்பு மறுவருஷமே அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்து, பல வீடுகளில் சாறு எடுக்கும் வேலையையே இல்லாமல் செய்தது வேறு கதை. அது எந்த நூற்றாண்டு மரபாக இருந்தாலும், மூன்றாவது கிண்ணம் நாக்குக்குப் பொய் சொல்வதில்லை.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது அரசாங்கம் செய்த எதுவும் அல்ல. ககவா மாகாணத்தின் தகினோமியா தொடக்கப்பள்ளியில் 2001-ல் தலைமையாசிரியர் தகேஷிதா கஸுஓ தொடங்கிய 'பெந்தோ நாள்'. பெந்தோ என்றால் சாப்பாட்டு டப்பா. ஐந்தாம், ஆறாம் வகுப்பு மட்டும். அக்டோபர் முதல் மாதம் ஒருமுறை, மொத்தம் ஐந்து முறை. என்ன சமைப்பது என்று முடிவுசெய்வது, கடைக்குப் போவது, சமைப்பது, டப்பாவில் அடைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் பிள்ளையின் வேலை. பெற்றோர் கை வைக்கக் கூடாது. கத்தி வெட்டிக்கொண்டால், தீ பட்டால் என்ற பயம் பெற்றோருக்கும் இருந்தது, ஆசிரியர்களுக்கும் இருந்தது. அடிப்படையெல்லாம் அதற்கு முந்தைய பருவத்திலேயே மனையியல் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுவோம் என்று அவர் உறுதியாக நின்றார்.

'பெற்றோர் உதவக் கூடாது' என்ற விதி மேலுக்குக் கண்டிப்பாகத் தெரிகிறது. யோசித்துப் பார்த்தால் அதில்தான் கருணை இருக்கிறது. உதவலாம் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அன்றைய டப்பா அம்மாக்களின் போட்டியாகியிருக்கும். உதவ ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு லீவு போட்டிருக்கும். ஷொகுயிகு பேச்சின் மேல் இருக்கும் பெரிய குற்றச்சாட்டே அது கடைசியில் அம்மாக்களின் தலையில் போய் விழுகிறது என்பதுதான். மேல்நிலைப் பள்ளியில் ஆண்பிள்ளைகளுக்கும் மனையியல் கட்டாயமானது 1994-ல்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பெந்தோ நாள் அந்தப் பாரத்தைப் பதினொரு வயதுப் பையன் கையிலும் கொடுத்தது. டப்பாவில் வஷொகுதான் இருக்கணும் என்று விதி கிடையாது. முட்டையைச் சுருட்டத் தெரியாமல் கொத்திவிட்ட டப்பாவும் அதே மேசைக்குத்தான் வரும். பின்னர் இந்த வழக்கம் நாடு முழுக்கப் பல பள்ளிகளுக்குப் போனது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன், சோறு ஆக்குவதை ஏன் பள்ளியில் சொல்லித்தரணும்? ரொட்டி ஒரு காரணம். இன்னொரு காரணம் 1955 டிசம்பரில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி மின் அரிசிக் குக்கர். அரிசியையும் தண்ணீரையும் போட்டு விசையை அழுத்தினால் தானே அணைந்துவிடும். வீட்டுப் பெண்களின் விடிகாலைத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்த கருவி, அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் எங்கள் தொழிலில் பிளாக் பாக்ஸ் என்போமே, உள்ளே போவது தெரியும், வெளியே வருவது தெரியும், நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. சோறு அப்படி ஆகிவிட்டது.

அதனால் மனையியல் வகுப்பில் கண்ணாடிப் பாத்திரம் வைக்கிறார்கள். தீயைத் தாங்கும் தடித்த கண்ணாடி. அரிசியின் எடையைப் போல் ஒன்றரை மடங்கு தண்ணீர், அரைமணி நேரமாவது ஊறல். அடுப்பைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் குனிந்து நிற்பார்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு அடியிலிருந்து குமிழிகள், அரிசி ஆட ஆரம்பிக்கும், வெள்ளை நுரை மூடியை முட்டும். தீயைக் குறைக்கணும். தண்ணீர் வற்றி, சோற்றின் மேல் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் திறக்காமல் புழுங்கவிடணும். கவனம் தப்பிய குழுவின் பாத்திரத்தில் அடிப்பிடித்திருக்கும். அந்தக் காந்தலுக்கு 'ஒகொகெ' என்று பெயர். குக்கரில் வழக்கமாக அது வராது.